நிலத்துக்காரர் பேசினால்தான் சட்டம் அசையும்

கேள்வி இதுதான்: ஓர் ஆற்றுப்படுகையின் நிலத்தையும் நீரையும் காக்க நினைக்கும் சிறிய அமைப்பு எதில் இறங்க வேண்டும்? நில உரிமையாளர்கள், பாசன சங்கங்கள், உள்ளாட்சிகள் ஆகியோரோடு சேர்ந்து வேலை செய்வதிலா, அரசின் சட்டத்தையும் நிதி ஒதுக்கீட்டையும் மாற்றுவதிலா? இரண்டிலும் கை வைத்தால், "நம் நிலத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவரத்தான் இவர்கள் நம்மிடம் பழகினார்கள்" என்று உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கிவிட மாட்டார்களா? ஆள் பலம் குறைவாக இருந்தால் எதில் தொடங்குவது?

இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு படுகை முழுக்கக் காப்பாற்றப்பட்டதாக நான் படித்ததில்லை. ஆனால் கொள்கைக்காகப் பேசும் வாய் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்கக் கூடாது. நிலம் வைத்திருப்பவர், தண்ணீர் இறைப்பவர், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் நகரம், இவர்கள் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை. நம்பிக்கை கெடுமா என்ற பயத்துக்கும் விடை அதிலேயே இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் கடலோரத்தில் வெஸ்ட் பேசின் என்றொரு நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. போன நூற்றாண்டின் முதல் பாதியில் நகராட்சிகள், தண்ணீர் கம்பெனிகள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் என்று எல்லோரும் அதிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு இறைத்தார்கள். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கியது. கடல்நீர் உள்ளே புகுந்து கரையோரக் கிணறுகள் உப்பாயின. நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் எவ்வளவு இறைக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நான் குறைத்தால் பக்கத்துக் கிணற்றுக்காரருக்குத்தானே லாபம் என்ற கணக்கில் எல்லோருமே இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

1945இல் வழக்கு தொடுக்கப்பட்டது. வழக்கு என்றாலே உறவு முறிந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே அது வேறு விதமாகப் பயன்பட்டது. படுகையில் எவ்வளவு நீர் ஊறுகிறது, யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து சொல்ல நீதிமன்றம் மாநில அரசின் பொறியியல் பிரிவை நியமித்தது. அதே நேரத்தில் இறைப்பவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் ஒரே கணக்கு வந்த பிறகுதான் பேச்சுவார்த்தைக்கு ஒரு பொருள் வந்தது. 1955இல் இடைக்கால ஒப்பந்தம் உருவானது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: மொத்த நீர் உரிமையில் 80 சதவீதம் வைத்திருப்பவர்கள் கையெழுத்து போட்டால்தான் ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தும். முதலில் கையெழுத்து போட்டவன் ஏமாளி ஆகிவிடுவானோ என்ற பயம் இதனால் போயிற்று. கூட்டு முயற்சிகள் பலவும் இந்தப் பயத்தில்தான் தேங்கி நிற்கின்றன என்பதால், இப்படி ஒரு நிபந்தனையை நீங்களும் யோசித்துப் பார்க்கலாம். அந்த வழக்கில் இறுதித் தீர்ப்பு 1961இல் வந்தது.

ஆனாலும் ஒப்பந்தம் மட்டும் போதவில்லை. படுகைக்கு அப்பால், உள்நாட்டுப் பக்கம் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. படுகையை மறுபடி நிரப்பத் தண்ணீர் வாங்கப் பணமும் இல்லை. அதனால் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் சட்டமன்றத்தை நாடினார்கள். நீர் நிரப்பும் மாவட்டம் (படுகையை நிரப்புவதற்கென்றே தனி அதிகாரம் கொண்ட உள்ளாட்சி அமைப்பு) ஒன்றை அமைத்து, இறைக்கும் ஒவ்வொரு அளவுக்கும் கட்டணம் வசூலிக்க இடம் தரும் சட்டம் 1955இல் வந்தது. 1959இல் வாக்காளர்கள் அப்படி ஒரு மாவட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். கரையோரம் வரிசையாகக் கிணறுகள் போட்டு நல்ல நீரை உள்ளே செலுத்தி, கடல்நீரைத் தடுக்கும் அரண் ஒன்றும் எழுந்தது. இந்தக் கதையைத்தான் எலினார் ஆஸ்ட்ரம் 1965இல் தன் முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

இதில் வரிசையைப் பாருங்கள். முதலில் அளவீடு, அப்புறம் உடன்பாடு, அப்புறம் சட்டம். உடன்பாட்டுக்கு வெளியே நின்றவர்களையும் உள்ளே இழுப்பது, நிலையான வருமானத்துக்கு வழி செய்வது என்ற இரண்டுக்கும்தான் சட்டம் தேவைப்பட்டது. அதைக் கேட்டவர்களும் தண்ணீர் இறைத்தவர்களேதான். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தனியாகப் போய் "கிணறுகளுக்குக் கட்டணம் போடுங்கள்" என்று மனு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

வரிசை தலைகீழாகத் தொடங்கிய உதாரணமும் உண்டு. நியூயார்க் நகரமும் அதன் அண்டைப் பகுதிகளுமாக 90 லட்சம் பேருக்கு மேல் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வடிகட்டாமலே வருகிறது. 1989இல் அமெரிக்க மத்திய அரசு ஒரு விதி போட்டது: மேற்பரப்பு நீரை வடிகட்ட வேண்டும், அல்லது அது சுத்தமாகவே இருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். வடிகட்டும் ஆலைக்கு 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அதைத் தவிர்க்க, 1990இல் நகர நிர்வாகம் மேட்டுப்பகுதி கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் கடுமையான கட்டுப்பாடுகளை வரைவாக வெளியிட்டது. கிராமங்கள் கொதித்தன. சும்மா கொதிக்கவில்லை, நீர்த்தேக்கங்கள் கட்டுவதற்காக அதே நகரம் முந்தைய தலைமுறைகளில் அங்கே ஊர்களையே கட்டாயமாகக் கையகப்படுத்தி மூழ்கடித்திருந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறாமல் இருந்தது.

கிராமங்கள் கூட்டணி அமைத்து வழக்குக்குப் போயின. பின்னர் பல ஆண்டுப் பேச்சுவார்த்தை. 1997 ஜனவரியில் நகரம், மாநிலம், மத்திய அரசு, கிராமங்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் எல்லோரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நிலத்தை விற்க விரும்புகிறவரிடம் மட்டுமே நகரம் வாங்கலாம். கட்டாயக் கையகப்படுத்தல் கிடையாது. வாங்கிய நிலத்துக்கு உள்ளூர் சொத்து வரியை நகரமே கட்ட வேண்டும். பண்ணை விஷயத்தில் அதற்கும் முன்பே ஒரு சமரசம் நடந்திருந்தது. விவசாயிகளே நடத்தும் ஒரு மன்றம் 1993இல் அமைந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித் திட்டம், செலவு நகரத்துடையது, சேர்வது அவரவர் விருப்பம். ஆனால் ஐந்து ஆண்டுக்குள் 85 சதவீதப் பண்ணைகள் சேர வேண்டும் என்ற இலக்கு இருந்தது. அது நிறைவேறாவிட்டால் மீண்டும் கட்டுப்பாடுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இலக்கு எட்டப்பட்டது.

நல்ல மனம் கொண்டவர்கள் கூடிப் பேசியதால் விளைந்தது என்று இதைச் சிலர் இனிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1989 விதி இல்லையென்றால் நகரம் மேட்டுப்பகுதியை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. நகரத்தின் வரைவு இல்லையென்றால் விவசாயிகளும் மேசைக்கு வந்திருக்க மாட்டார்கள். பின்னால் ஒரு சட்டம் நின்றதால்தான் முன்னால் கூட்டுறவு நடந்தது. அதே நகரத்துக்கு நீர் தரும் குரோட்டன் பகுதியில் புறநகர்க் குடியிருப்புகள் பெருகிவிட்டிருந்தன. அங்கே இந்த வழி எடுபடாமல், 300 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு வடிகட்டும் ஆலையே கட்ட வேண்டியதாயிற்று. 2015இல் அது இயங்கத் தொடங்கியது. நிலம் கைமாறிக் கட்டடமான பிறகு பேச ஆளும் இருக்காது, பேச விஷயமும் இருக்காது.

எதிரெதிர் முகாம்கள் ஒன்றாகப் போய்க் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் லேண்ட்கேர் இயக்கத்தைப் பாருங்கள். 1986இல் விக்டோரியா மாநிலத்தில், அமைச்சராக இருந்த ஜோன் கிர்னரும் விவசாயிகள் கூட்டமைப்பின் தலைவர் ஹெதர் மிட்செலும் சேர்ந்து தொடங்கியது அது. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து மண்ணரிப்பு, உப்புப் படிதல், களை ஆகியவற்றைக் கவனிப்பது. பிறகு தேசிய விவசாயிகள் கூட்டமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பான ஆஸ்திரேலிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் கூட்டாக ஒரு திட்டத்தை மத்திய அரசிடம் வைத்தன. பல விஷயங்களில் முட்டிக்கொண்டிருந்த இரண்டு அமைப்புகள் ஒரே காகிதத்தோடு வந்து நின்றால் எந்த அரசியல்வாதிக்கும் மறுக்கக் கஷ்டம். 1989இல் பிரதமர் பாப் ஹாக், அடுத்த பத்தாண்டு லேண்ட்கேர் பத்தாண்டு என்று அறிவித்து நிதியும் ஒதுக்கினார். சில ஆண்டுகளில் 4,000க்கும் மேற்பட்ட குழுக்கள் உருவாயின.

குறையையும் சொல்ல வேண்டும். உப்புப் பிரச்சினைக்கு வேர், ஆழ வேர் விடும் மரங்களைப் பெரும் பரப்பில் அழித்ததால் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறி வந்தது. இருபது பண்ணைகள் ஓடையோரம் மரம் நட்டு அதைத் திருப்ப முடியாது. 2000க்குப் பிறகு அரசு இதை உணர்ந்து, நிதியைப் படுகை அளவிலான வட்டார அமைப்புகள் வழியாகத் தரத் தொடங்கியது. அறிவியல்படி அது சரி. ஆனால் பணமும் முடிவும் மேலே போனதும், கீழே இருந்த குழுக்கள் பல தங்களை ஒதுக்கிவிட்டதாக உணர்ந்து சோர்ந்தன. அளவு பெரிதாகும்போது அடியில் இருக்கும் குழுவுக்கு முடிவெடுக்கும் பங்கும் சிறு நிதியும் உறுதியாக இருக்க வேண்டும். கொள்கை வரைவு எழுதும்போதே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு யாரும் தரமாட்டார்கள்.

விருப்பத்தின் பேரில் நடக்கும் வேலைக்கு எல்லை எங்கே என்பதற்கு அமெரிக்காவின் செசபீக் விரிகுடா ஒரு நல்ல எச்சரிக்கை. ஆறு மாநிலங்களையும் வாஷிங்டன் நகரத்தையும் தொடும் நீர்ப்பிடிப்புப் பகுதி அது. 1983இல் முதல் ஒப்பந்தம். 1987இல் ஊட்டச்சத்துக் கழிவை (நீரில் சேரும் நைட்ரஜன், பாஸ்பரஸ்) 2000க்குள் 40 சதவீதம் குறைப்பதாக உறுதி. எட்டவில்லை. மீண்டும் புது உறுதி, மீண்டும் தவறல். கடைசியில் அந்த விரிகுடாவுக்காகவே இயங்கும் அமைப்பு 2009இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை மீது வழக்குப் போட்டது. 2010 டிசம்பரில், எந்த மாநிலம் எவ்வளவு கழிவு விடலாம் என்ற உச்சவரம்பு வந்தது. விவசாய அமைப்புகள் அதை எதிர்த்து வழக்காடித் தோற்றன. அதன் பிறகு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் பங்கை நன்றாகவே குறைத்தன, ஏனென்றால் அவற்றுக்கு உரிமமும் உண்டு, அபராதமும் உண்டு. வயல்களிலிருந்து வழிந்தோடும் நீருக்கு அப்படி ஒரு பிடி இல்லை; 2025 இலக்கு தவறியதற்குப் பெரிய காரணம் அதுதான். நாலு தடவை உறுதி தவறிய பிறகும் நட்பு கெட்டுவிடும் என்று வாய் திறக்காமல் இருப்பது கூட்டுறவு ஆகாது.

பணத்துக்கு வருகிறேன். உள்ளூர்க் கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் சாவது கருத்து வேறுபாட்டால் இல்லை, மூன்றாண்டு நிதியுதவி முடிந்துபோவதால்தான். ஈக்வடாரின் கீட்டோ நகரம் இதைச் சரியாகப் பிடித்தது. மலையுச்சிப் புல்வெளிகளிலிருந்து வரும் நீரைக் காக்க 2000இல் ஒரு நிதியம் தொடங்கினார்கள். ஆரம்ப முதலீடு வெறும் 21,000 டாலர். 80 ஆண்டு அறக்கட்டளையாக அதைப் பதிவு செய்தார்கள். பின்னர் 2007இல் நகராட்சி விதி ஒன்றின் மூலம், குடிநீர் நிறுவனத்தின் வருவாயில் 2 சதவீதம் அந்த நிதியத்துக்குப் போக வழி செய்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. கொள்கைக்காக நீங்கள் ஒரே ஒரு விஷயம் கேட்க முடியும் என்றால், அது இந்த மாதிரி நிரந்தர வருவாய்க்கான கோரிக்கையாக இருக்கட்டும்.

சட்டம் இருந்தும் பணம் வராமல் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதியே சாட்சி. 1964இல் சட்டமானது. கடலோர எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்பது ஏற்பாடு. பெரும்பாலான ஆண்டுகளில் அந்தத் தொகை முழுதாக வரவில்லை. வேறு செலவுகளுக்குப் போயிற்று. 2015இலும் 2018இலும் சட்டமே காலாவதியாகி நின்றது. 2019இல் நிரந்தரமாக்கினார்கள், 2020இல்தான் முழுத்தொகையும் கட்டாயமானது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் வேட்டைக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள், சுற்றுலாத் தொழில் செய்பவர்கள், சிறு நகரங்களின் மேயர்கள் எல்லோரும் இருந்தார்கள். இரு கட்சிகளும் சேர்ந்து ஓட்டுப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலத்தின் மீது நேராகவே ஒரு கட்டுப்பாட்டை எழுதி வைப்பது இன்னொரு கருவி. உரிமையாளர் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். ஆனால் மனை பிரிப்பது, சுரங்கம் வெட்டுவது போன்ற உரிமைகளை நிரந்தரமாக விட்டுக்கொடுத்துப் பத்திரம் எழுதித் தருகிறார். நிலத்தின் மீது ஒரு நல்ல வில்லங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதற்கு நிரந்தர வரிச்சலுகை தந்ததும் நில அறக்கட்டளைகள் வேகமாகப் பெருகின. அதே சலுகையை முதலீட்டுக் கும்பல்கள் ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளோடு வரி ஏய்க்கப் பயன்படுத்தியதும் நடந்தது; 2022இல் சட்டம் போட்டு அதை இறுக்கினார்கள். அந்த இறுக்கத்துக்காகப் பாடுபட்டவர்களில் நேர்மையான நில அறக்கட்டளைகளின் கூட்டமைப்பே முன்னணியில் நின்றது. தன் துறையின் கள்ளத்தைத் தானே கண்டிக்கிற அமைப்பு பிறகு வேறு எதைக் கேட்டாலும் சட்டமன்றத்தில் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். பத்திரம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் போய்ப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும், மீறினால் வழக்காட வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்க முடியாத அமைப்பு இந்தக் கருவியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி, நம்பிக்கை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் 1993 முதல் இயங்கும் உள்ளூர்க் கூட்டமைப்பு ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறது: எல்லோரும் ஒத்துப்போகும் 80 சதவீத விஷயங்களில் முதலில் வேலை, மீதி 20 சதவீதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்துக்கு இது நல்ல வழி. ஆனால் அந்த இருபதில்தான் ஆற்றின் உயிரே இருக்கிறது என்றால் எத்தனை காலம் தள்ளிப்போடுவது? அதனால் ஒரு வேலைப் பிரிவினை நல்லது. எல்லோரும் உட்காரும் கூட்டமைப்பு, ஒருமித்த கோரிக்கைகளை மட்டும் அரசிடம் வைக்கட்டும். சர்ச்சைக்குரியதை உறுப்பு அமைப்புகள் அவரவர் பெயரில், அவரவர் காகிதத்தில் வைத்துக்கொள்ளட்டும். கூட்டமைப்பின் பெயரில் என்ன பேசலாம், யார் பேசலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதை முதல் ஆண்டிலேயே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் அது விதியாக இருக்காது, தீர்ப்பாக இருக்கும்.

அப்புறம் வெளிப்படையாக இருங்கள். ஒரு விவசாயியின் வயலில் நீர் மாதிரி எடுக்கிறீர்கள் என்றால், அந்த முடிவு யாரிடம் போகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் அனுமதியோடு எடுத்த தரவு அவருக்கு எதிரான மனுவில் ஒரு தடவை வந்துவிட்டால், அந்த ஊரில் உங்களுக்கு இன்னொரு வயல் திறக்காது. தனித்தனி வயலின் எண்களை வெளியிடாமல் ஓடை வாரியாகக் கூட்டி வெளியிடுவது பல இடங்களில் எடுபட்டிருக்கும் வழி.

சட்டம் பற்றி ஒரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது. தொண்டு அமைப்பாகப் பதிவு செய்திருந்தால் கொள்கை பற்றிப் பேசவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் தேர்தலில் ஒருவரை ஆதரிப்பதுதான் அடியோடு தடை. சட்டத்துக்காகப் பேசுவதற்கு வரம்புக்குள் அனுமதி உண்டு. 1976ஆம் ஆண்டு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு தன் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 சதவீதம் வரை அதற்குச் செலவிடலாம். உங்கள் நாட்டு விதியை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வதந்தியை நம்பி வாயைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

எந்த மட்டத்தில் கேட்பது என்பதும் முக்கியம். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில், ஆறுகள், ஏரிகளோடு தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்பு இல்லாத சதுப்பு நிலங்களை மத்தியப் பாதுகாப்பிலிருந்து வெளியே தள்ளியது. சொந்தமாக வலுவான சட்டம் வைத்திருந்த மாநிலங்களில் பாதுகாப்பு தொடர்ந்தது. மற்ற இடங்களில் போயிற்று. அதனால் மேல்மட்டச் சட்டம் இருக்கிறதே என்று உள்ளூர் விதியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ஆள் பலம் குறைவு, எதில் தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் ஆண்டு இரண்டே வேலை. ஒன்று, படுகையின் வரைபடத்தில் யார் நிலம் எது, யார் எங்கிருந்து நீர் எடுக்கிறார்கள் என்று குறிப்பது. மற்றது, சில இடங்களில் நீரின் அளவையும் தரத்தையும் தொடர்ந்து, ஒரே முறையில் அளப்பது. அளப்பதில் விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தானே அளந்த எண்ணை யாரும் பொய் என்று சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டு அந்தக் கணக்கை எல்லோர் முன்னும் வைத்து, உள்ளாட்சி மட்டத்திலேயே நிறைவேறக்கூடிய ஒரு சின்னக் கோரிக்கையை எடுங்கள்: ஓடைக்கரையில் உழாமல் விடும் பட்டைக்கு ஈடு, அல்லது ஆழ்துளைக் கிணறுகளைப் பதிவு செய்யும் விதி. மனுவில் முதல் கையெழுத்து, ஓடையை ஒட்டி அதிக நிலம் வைத்திருப்பவருடையதாக இருக்கட்டும். அவர் போட மறுத்தால் மனுவைத் தள்ளி வைத்துவிட்டு, ஏன் மறுக்கிறார் என்று போய்க் கேளுங்கள்.